அபிஜான் கிடங்கில் ஒரு குத்தூசி

பண்ருட்டி என்றதும் பலாவும் முந்திரியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பண்ருட்டியிலும் காடாம்புலியூரிலும் ஆண்டு முழுவதும் உடைபடும் முந்திரிக் கொட்டைகளில் ஒரு பெரும் பகுதி மேற்கு ஆப்பிரிக்காவில் விளைந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் வந்து, தூத்துக்குடியில் இறங்கி, மதுரை, திருச்சி, உளுந்தூர்பேட்டை வழியாக லாரியில் வந்து சேர்வது என்று சொன்னால், கடலூர் மாவட்டத்துக்காரர்களே வியப்போடு பார்க்கிறார்கள். அந்தப் பயணத்தின் காகிதங்களைப் படிப்பதும் திருத்துவதும், வங்கிக்கும் துறைமுகத்துக்கும் உரிய நேரத்தில் அனுப்புவதும் என் தொழில். சர்வதேச விநியோகச் சங்கிலி என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது, ஐம்பது அறுபது பேர் வேலை செய்யும் ஒரு சிறிய ஆலைக்கு எப்படிப்பட்ட காரியமாக இருக்கிறது என்பதை, நான் பார்த்த அளவில் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் ஊர் புதுச்சேரி. பள்ளியில் பிரெஞ்சு படித்தவள் என்ற ஒரே காரணத்தால், 2012-ஆம் ஆண்டில் காடாம்புலியூர் ஆலைக்காரர் ஒருவர், மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுக நகரமான அபிஜானிலிருந்து வந்திருந்த நான்கு பக்க ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வெளிநாட்டுக் கொட்டையைத் தொட்டவரே அல்லர். சுற்றுவட்டாரத் தோப்புகளில் மார்ச் முதல் மே வரை வாங்கி, இருப்பு வைத்து, முடிந்தவரை ஆலையை ஓட்டுவதுதான் அவருடைய தந்தை காலத்திலிருந்து வந்த வழக்கம். 2011 டிசம்பர் 30 அன்று காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் அந்த வழக்கத்தை ஒரே நாளில் முடித்து வைத்தது. நெல்லிக்குப்பம் தாண்டிப் பண்ருட்டிக்குப் போகும் வழியெல்லாம் வேரோடு சாய்ந்த முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் நான் பேருந்திலிருந்து பார்த்தேன். முந்திரிக் கன்று நட்டால் காய்ப்புக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முழு விளைச்சலுக்கு அதைப்போல இரு மடங்கு காலம் வேண்டும்.

"மரம் மறுபடி வர்ற வரைக்கும் உடைக்கிற பொம்பளைங்களுக்கு நான் எங்கேந்தும்மா வேலை குடுக்கறது?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் அந்த நான்கு பக்கம் வந்திருந்தது.

அவர் கொண்டுவந்த ஒப்பந்தம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உலகில் கச்சா முந்திரியை மிக அதிகமாக விளைவிக்கும் நாடு ஐவரி கோஸ்ட். அங்கே பிப்ரவரி முதல் ஜூன் வரை அறுவடைக் காலம். பருத்திக்கும் முந்திரிக்குமாக அந்த அரசு அமைத்திருக்கும் மன்றம் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் விவசாயிக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறது. சில ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியிடம் கொட்டையை வாங்குபவரை அங்கே 'பிஸ்தேர்' என்கிறார்கள். இரு சக்கர வண்டியிலும் சிறு வேனிலும் ஊர் ஊராகச் சுற்றுபவர். அவர் 'த்ரேத்தான்' எனப்படும் மொத்த வியாபாரியிடம் கொடுக்கிறார். அவரிடமிருந்து அபிஜான் அல்லது சான் பெட்ரோ துறைமுகத்தில் கிடங்கு வைத்திருக்கும் ஏற்றுமதியாளருக்குச் சரக்கு போகிறது. நம் ஊரில் தோப்புக்காரர், தரகர், மண்டிக்காரர் என்று இருப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இந்த ஒற்றுமையைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் ஆலைக்காரர்களின் அச்சம் பாதி குறைந்தது என்று சொல்வேன். ஏனெனில் நம் மண்டியில் எந்தெந்த இடத்தில் ஏமாற்றம் நிகழும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதே இடங்களை அங்கேயும் தேடினால் போதும்.

தொடக்கத்தில் சிறிய ஆலைகள் நேரடியாக இறக்குமதி செய்வதில்லை. தூத்துக்குடியிலும் கொல்லத்திலும் இருக்கும் பெரிய இறக்குமதியாளர்களிடம், கப்பல் கடலில் வந்துகொண்டிருக்கும்போதே சரக்கைக் கைமாற்றி வாங்குவார்கள். இதை ஹை சீஸ் விற்பனை என்பார்கள். இதில் இலாபத்தின் பெரும் பகுதி இடையில் இருப்பவருக்குப் போய்விடும் என்றாலும், இடர்ப்பாட்டின் பெரும் பகுதியும் அவருடையதே. நேரடியாக வாங்கினால் கொட்டைக்கு ஒரு கிலோவுக்கு மூன்று நான்கு ரூபாய் மிஞ்சும் என்ற கணக்கு ஆலைக்காரர்களுக்கு உடனே புரிந்தது. அந்த மூன்று நான்கு ரூபாய்க்காக எந்தெந்தப் பொறுப்புகளைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது எனக்கும் அப்போது முழுதாகத் தெரியாது.

நேரடியாக இறக்குமதி செய்த இரண்டாம் பருவத்தில் அது தெரிந்தது. நாற்பது அடி கன்டெய்னர் நான்கில் 100 டன் கொட்டை வந்தது. ஒப்பந்தத்தில் அவுட்டர்ன் 47 என்று எழுதியிருந்தது. இந்தச் சொல்லை விளக்காமல் மேலே போக முடியாது. 80 கிலோ எடையுள்ள ஒரு மூட்டைக் கொட்டையை உடைத்தால் எத்தனை பவுண்டு நல்ல பருப்பு கிடைக்கும் என்பதே அவுட்டர்ன். உலகம் முழுவதும் கச்சா முந்திரியின் விலை இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

சரக்கு வந்த மறுநாள் காலை ஆலையின் முற்றத்தில் நடந்த சோதனையை நான் முதன்முறையாக உடனிருந்து பார்த்தேன். மேஸ்திரி, அடுக்கின் மேல்வரிசை, நடுவரிசை, அடிவரிசை என்று மாற்றி மாற்றிக் குத்தூசியைச் செருகி ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்தார். அனைத்தையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் கலந்தார். கடைசியில் மிஞ்சியதில் சரியாக ஒரு கிலோ நிறுத்து எண்ணினார்கள்: 214 கொட்டைகள். எண்ணிக்கை கூடக் கூடக் கொட்டை சிறியது என்று பொருள். பிறகு ஒவ்வொன்றையும் வெட்டிப் பிளந்து மூன்று தட்டுகளில் பிரித்தார்கள். முதல் தட்டில் நல்ல பருப்பு. இரண்டாவதில் புள்ளி விழுந்ததும் முற்றாததும். இவற்றின் எடையில் பாதியை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்றாவதில் பொக்கு, எண்ணெய் கசிந்து கறுத்தது, பூஞ்சை பிடித்தது. இவற்றுக்குக் கணக்கே இல்லை. நல்ல பருப்பு 234 கிராம், இரண்டாம் தட்டு 26 கிராம். அதில் பாதி 13. ஆக 247 கிராம். இதை 80-ஆல் பெருக்கி, ஒரு பவுண்டுக்குரிய 453.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 43.5 வருகிறது. மூன்று முறை சோதித்தும் எண் 44-ஐத் தொடவில்லை.

மூன்றரைப் பவுண்டு என்பது கேட்பதற்குச் சிறியதாக இருக்கலாம். 100 டன்னில் 1,250 மூட்டைகள் இருக்கின்றன. மூட்டைக்கு மூன்றரைப் பவுண்டு வீதம் ஏறத்தாழ 2 டன் பருப்பு இல்லாமல் போயிற்று. பருப்பைக் கிலோ 500 ரூபாய் என்று குறைத்து மதிப்பிட்டாலும் பத்து லட்ச ரூபாய். அந்த ஆலையின் ஓராண்டு இலாபம் அவ்வளவு இருந்திருக்குமா என்பதே ஐயம்.

ஏற்றுமதி செய்தவரின் காகிதங்களில் 47.5 என்று சான்றிதழ் இருந்தது. "சரக்கே சரியில்லைங்கிறப்ப பேங்க் எப்படிம்மா பணம் குடுக்கும்?" என்று ஆலைக்காரர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். வங்கி கொடுக்கும், கொடுத்தே ஆக வேண்டும். விற்பவருக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி உறுதியளிக்கும், எல்.சி. எனப்படும் கடன் உறுதிக் கடிதங்களை உலகெங்கும் கட்டுப்படுத்துகின்ற, 2007 முதல் நடப்பில் இருக்கும் யூ.சி.பி. 600 விதிகளின் ஐந்தாம் பிரிவு, வங்கிகள் ஆவணங்களைக் கையாள்கின்றனவே தவிர அந்த ஆவணங்கள் குறிப்பிடும் சரக்கை அல்ல என்று நேராகவே சொல்கிறது. ஆவணங்கள் எல்.சி.யில் கேட்டபடி இருந்தால் போதும். மூட்டைக்குள் கொட்டை இருக்கிறதா, கூழாங்கல் இருக்கிறதா என்பது வங்கியின் கவலை அன்று. போதாததற்கு, ஏற்றும் இடத்தில் நடந்த தரச் சோதனையே இறுதியானது என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். சொல் பிழையின்றிப் பெயர்த்தேன். அதன் விலை பத்து லட்சம் என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை. அன்று முதல் மொழிபெயர்ப்போடு நிறுத்திக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த இழப்புக்குப் பிறகு பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் நான்கு ஆலைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள், ஒரே தெருவில் ஒரே தொழிலாளர்களுக்காகப் போட்டி போடுபவர்கள். ஆனால் தனித்தனியாக இரண்டு கன்டெய்னர் வாங்குபவரின் சொல்லுக்கு அபிஜானில் மதிப்பில்லை என்பதை நால்வரும் உணர்ந்திருந்தார்கள். சேர்ந்து வாங்குவது, ஏற்றும் இடத்துக்கு நம்முடைய ஆளை அனுப்புவது என்ற இரண்டு முடிவுகள் அன்று எடுக்கப்பட்டன. இரண்டாவது முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

அனுப்பப்பட்டவர் குத்தூசி பிடித்த அதே மேஸ்திரி. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். கொட்டையைக் கையில் வைத்துக் குலுக்கியே ஈரப்பதத்தை ஒரு விழுக்காடு முன்பின்னாகச் சொல்லிவிடக்கூடியவர்; கருவியை வைத்து நான் சரிபார்த்திருக்கிறேன். விநியோகச் சங்கிலியை உருவாக்குவது எங்களைப் பொறுத்தவரை சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அவருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதில்தான் தொடங்கியது. பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது அதைப் போட்டாக வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அங்கே நுழையவும் முடியாது, திரும்பி வரும்போதும் சிக்கல்.

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் அறுபது சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். முந்திரி அனக்கார்ட், ஈரம் உமீட், காய்ந்தது செக், பூஞ்சை முவாசி, பொக்கு வீட். மூட்டைக்கு 'சாக்' என்று எழுதியதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சாக்குன்னே சொல்லலாமாக்கா?" என்றார். சொல்லலாம் என்றேன். அந்த ஒரு சொல் அவருக்குக் கொடுத்த துணிச்சலை மற்ற ஐம்பத்தொன்பது சொற்களும் சேர்ந்து கொடுத்திருக்காது.

அங்கிருந்து அவர் தொலைபேசியில் சொன்ன முதல் செய்தியே எங்கள் பத்து லட்சம் போன வழியை விளக்கிவிட்டது. கிடங்கில் மாதிரி எடுப்பவர்கள் கதவோரம் இருக்கும் மூட்டைகளிலிருந்து மட்டும் எடுத்தார்கள். கதவோரம் நல்ல மூட்டைகளும், உள்ளே பழைய ஈர மூட்டைகளும் அடுக்கப்பட்டிருந்தன. இதில் ஆப்பிரிக்கச் சூது என்று தனியாக எதுவும் இல்லை. நம் நெல் கொள்முதல் இடங்களிலும் மேல் மூட்டையைக் காட்டிக் கீழ் மூட்டையைத் தள்ளுவது பழைய வித்தை. நம் ஆள், ஏற்றுபவர்களோடு ஏணியில் ஏறி, அடுக்கின் நடுவிலும் பின்னாலும் குத்தூசி போட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அதன் பின் ஒப்பந்தங்களை மாற்றி எழுதினோம். மாதிரி இரு தரப்பும் சேர்ந்தே எடுக்க வேண்டும். மூன்று பங்காக்கி முத்திரையிட்டு, விற்பவரிடம் ஒன்று, வாங்குபவரிடம் ஒன்று, மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனத்திடம் ஒன்று இருக்க வேண்டும். 47-க்குக் கீழே வந்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் விலை அதே விகிதத்தில் குறைய வேண்டும். 44-க்குக் கீழே போனால் சரக்கை மறுக்கும் உரிமை வேண்டும். ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஏற்றவே கூடாது. எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது எல்.சி.யில் சேர்த்த ஒரு நிபந்தனை. வங்கி ஆவணத்தை மட்டுமே பார்க்கும் என்றால், நாம் வேண்டும் சான்றும் ஓர் ஆவணமாகிவிட வேண்டும் அல்லவா? ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழோடு, கூட்டாக மாதிரி எடுத்ததற்கு அடையாளமாக எங்கள் பிரதிநிதி கையெழுத்திட்ட சீட்டும் இணைக்கப்பட வேண்டும் என்று எழுதினோம். நம் ஆள் வேண்டுமென்றே கையெழுத்தை மறுத்துவிட்டால் பணம் நின்றுபோகும் என்று ஏற்றுமதியாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே கிடங்கில் சோதனை முடிந்து 48 மணி நேரத்துக்குள் கையெழுத்தோ எழுத்து மூலமான காரணமோ தரப்பட வேண்டும் என்று எங்களையும் கட்டிக்கொண்டோம். ஒரு தரப்பை மட்டும் கட்டும் கயிறு வணிகத்தில் நெடுநாள் நிற்பதில்லை.

ஈரப்பதத்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பொருட்படுத்தாமல் வாங்கிக் கெட்டவர்கள் பலர். அபிஜானின் வெப்பத்திலும் புழுக்கத்திலும் மூடப்படும் கன்டெய்னர், தென்னாப்பிரிக்க முனையருகே குளிர்ந்த கடலைக் கடந்து, மீண்டும் இந்தியப் பெருங்கடலின் வெம்மைக்குள் வருகிறது. இரும்புக் கூரை குளிரும்போது உள்ளே இருக்கும் ஈரக்காற்று நீராகிச் சொட்டும். கன்டெய்னர் மழை என்று இதைச் சொல்வோம். மேல் வரிசைச் சாக்குகள் நனைந்தால் தூத்துக்குடிக்கு வரும்போது பூஞ்சை பிடித்திருக்கும். பக்கச் சுவர்களிலும் மேலேயும் பழுப்புத் தாள் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டால் பெருமளவு தடுக்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு மூட்டைக் கொட்டையின் விலையைத் தாண்டாது. அதையும் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பணத்தின் பக்கம் வேறொரு பாடம். கொட்டையை ஏப்ரலிலும் மேயிலும் வாங்கி, 90 அல்லது 120 நாள் கழித்துப் பணம் கட்டும் எல்.சி.யே பெரும்பாலும் வழக்கம். 2013 மே மாதத் தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய்க்கு அருகே இருந்தது. ஆகஸ்ட் இறுதியில் 68-ஐத் தாண்டியது. ஒரு லட்சம் டாலருக்கு எல்.சி. திறந்தவர், தன் ஆலையில் எந்தத் தவறும் செய்யாமலேயே ஏறத்தாழ 14 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. முன்பேர ஒப்பந்தம் செய்து டாலர் விலையை உறுதிப்படுத்திக்கொள்ள ஆகும் கட்டணத்தை வீண் செலவு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். நூல் வணிகத்திலும் இறால் வணிகத்திலும் இருக்கும் கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்கு ஏற்றுமதி வருவாயே டாலரில் வருவதால் இந்த வலி குறைவு. முந்திரி ஆலைகளோ டாலரில் வாங்கி, பெரும்பகுதியை உள்நாட்டிலேயே ரூபாயில் விற்கின்றன. உலகிலேயே முந்திரிப் பருப்பை அதிகமாகத் தின்னும் நாடு நம்முடையதுதான்.

ஒரே நாட்டை நம்பியிருக்கக் கூடாது என்பதை 2018 கற்றுக் கொடுத்தது. மேற்கு ஆப்பிரிக்கப் பருவம் முடிந்த பிறகு, அக்டோபர் முதல் தான்சானியாவின் கொட்டை வரும். அங்கே விற்பனை ஏல முறையில் நடக்கிறது. அந்த ஆண்டு வணிகர்கள் கேட்ட விலை மிகக் குறைவு என்று விவசாயிகள் விற்க மறுத்தார்கள். நவம்பரில் அதிபர் மகுஃபூலி, அரசே கிலோ 3,300 ஷில்லிங்குக்கு வாங்கும் என்று அறிவித்து, சரக்கெடுக்க இராணுவ லாரிகளை அனுப்பினார். தான்சானியாவை நம்பி மேற்கு ஆப்பிரிக்க இருப்பைக் குறைவாக வைத்திருந்த ஆலைகள் சில வாரங்கள் உலை மூட்டாமல் இருந்தன. அந்த அதிபரின் முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். தன் நாட்டு விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்று ஓர் அரசு நினைப்பதும், பெனின் 2022-இல் அறிவித்ததுபோலக் கச்சாக் கொட்டையை வெளியே அனுப்பாமல் உள்ளூரிலேயே உடைக்க வேண்டும் என்று நினைப்பதும் நியாயமே. நம் ஆலைகளுக்கு இது நெருக்கடிதான். ஆனால் அவர்கள் ஊர்ப் பெண்களுக்கும் வேலை வேண்டும் என்பதை, காடாம்புலியூரில் அதே கேள்வியோடு தொடங்கிய நாம் மறுக்க இயலாது.

புதுச்சேரிக்காரி என்பதால் இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவோடு எங்கள் ஊருக்குள்ள தொடர்பு முந்திரியில் தொடங்கவில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணி, 'கினே' என்ற பெயரில் பிரெஞ்சுக் கப்பல்களில் செனகல் ஆற்றங்கரை வரை போயிற்று. அங்கே வேலம் பிசின் வணிகத்தில் அந்தத் துணி நாணயமாகவே புழங்கியது. ஐரோப்பிய ஆலைகள் அதைப்போலச் செய்து அனுப்பிய போலித் துணியைவிட, நம் பக்கத்துத் துணியையே அங்குள்ளவர்கள் விரும்பி வாங்கினார்கள். நெய்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை; துணியின் நீளம், எடை, சாயம் ஆகிய மூன்றுமே அவர்களுக்கிடையே பேசிய மொழி. எங்கள் மேஸ்திரியின் நோட்டில் இருந்த அறுபது சொற்களும் அந்த வகையைச் சேர்ந்தவைதாம்.

விற்கும் பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அங்கே அளவுகள் ஏற்கெனவே தெளிவாக இருக்கின்றன. ஒரு பவுண்டில் 300 முதல் 320 பருப்பு இருந்தால் அந்தத் தரத்தின் பெயர் டபிள்யூ 320. 220 முதல் 240 என்றால் டபிள்யூ 240. ஐம்பது பவுண்டுப் பெட்டிகள் 700 அடுக்கினால் ஓர் இருபது அடி கன்டெய்னர் நிறையும். 2006 முதல் பருப்பு ஏற்றுமதியில் முதலிடத்தில் இருக்கும் வியட்நாம், உடைப்பதையும் தோல் நீக்குவதையும் இயந்திரமயமாக்கி விலையைக் குறைத்துவிட்டது. விலையில் அவர்களை வெல்ல எங்கள் சிறிய ஆலைகளால் முடியாது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பின், தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டிகளும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக நேர்ந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் கூடுதலாயிற்று. வளைகுடாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புபவர்கள் தப்பினார்கள்.

ஆனால் ஐரோப்பிய வாங்குபவர் ஒருவர் அனுப்பிய கேள்வித்தாளில் இருந்த ஒரு கேள்வி என்னை நீண்ட நாள் உறங்கவிடவில்லை. கொட்டை எந்த நாட்டில் விளைந்தது, எந்தக் கப்பலில் வந்தது என்பவற்றுக்கெல்லாம் என்னிடம் காகிதம் இருந்தது. கொட்டை எங்கே, யாரால் உடைக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை எழுத என்னிடம் எதுவும் இல்லை. பண்ருட்டிப் பக்கத்தில் கொட்டை ஆலைக்குள் மட்டும் உடைபடுவதில்லை. ஆலைக்காரர் வீடுகளுக்கு மூட்டையாகக் கொடுத்தனுப்புவார். திண்ணையிலும் கொட்டகையிலும் பெண்கள் உடைத்துப் பருப்பாகத் திருப்பிக் கொடுப்பார்கள். ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். விரல்களில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அபிஜான் கிடங்கின் பின்வரிசை வரை ஆள் அனுப்பிப் பார்த்த நாங்கள், ஆலையிலிருந்து நடந்து போகும் தூரத்திலிருந்த அந்தத் திண்ணைகளுக்கு ஒருமுறையும் போய்ப் பார்த்ததில்லை.

போனேன். ஒரு வீட்டில் உடைத்துக்கொண்டிருந்த அக்கா, கை வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "பருப்பு நிறுத்துத்தாம்மா கூலி குடுக்கறாங்க. கொட்டை பொக்கா வந்தா எங்க கூலியும் பொக்குதான். இந்த லோடு நல்லது, அந்த லோடு சொத்தைன்னு எங்களுக்கு யாரு சொல்றாங்க? ரெண்டுக்கும் ஒரே ரேட்டுதான்." அவர் சொன்னதன் கணக்கை அன்றிரவே போட்டுப் பார்த்தேன். 47 வரும் மூட்டையை உடைப்பவரும் 43 வரும் மூட்டையை உடைப்பவரும் அதே அளவு கொட்டையைத்தான் உடைக்கிறார்கள். கை படும் பாடும் ஒன்றுதான். இரண்டாமவருக்கு ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் எட்டு ரூபாய்க்கு மேல் குறைகிறது. மோசமான கொட்டையை அனுப்பியவரிடம் விலை குறைக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம். அதே கொட்டையால் கூலி குறைந்தவருக்கு அப்படி எந்த வரியையும் எழுதியிருக்கவில்லை. விற்பவர் தந்த தள்ளுபடி ஆலைக்கணக்கில் நின்றுவிட்டது.

நால்வரில் ஒருவர், 2012-இல் என் வீட்டுக்கு வந்த அதே ஆலைக்காரர், இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, லோடு வந்தவுடன் நடக்கும் வெட்டுச் சோதனையின் எண்ணை ஆலை வாசலில் ஒரு பலகையில் எழுதிவைக்க ஒப்புக்கொண்டார். 47-க்குக் கீழே வரும் லோடுகளுக்கு, ஒரு கிலோ பருப்புக்கான கூலி அதற்கேற்பக் கூடும். சோதனையின்போது வீடுகளில் உடைப்பவர்கள் சார்பில் ஒருவர் உடனிருக்கலாம். கடந்த பருவத்தில் வந்த ஒரு லோடின் எண் 46.2 என்று எழுதப்பட்டபோது, உடனிருந்த அந்த அக்கா இரண்டாம் தட்டிலிருந்து நான்கு பருப்புகளை எடுத்து மூன்றாம் தட்டில் போட்டார். மேஸ்திரி அவற்றைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபேச்சின்றித் திருத்தினார். எண் 45.9 ஆயிற்று.

மற்ற மூன்று ஆலைகளும் இன்னும் இதற்கு ஒப்பவில்லை. அவர்களுடைய தயக்கத்துக்கும் காரணம் உண்டு: உள்நாட்டுச் சந்தையில் இலாபம் மெலிந்திருக்கிறது, வியட்நாம் பருப்பின் விலை அழுத்துகிறது, கூலிக் கணக்கில் இன்னொரு சிக்கல் வேண்டாம் என்கிறார்கள். மேஸ்திரி பிப்ரவரியில் மீண்டும் அபிஜான் போகிறார். அவர் புறப்படுவதற்கு முன் நால்வரும் செலவுப் பங்கு பேச வழக்கம்போல ஒன்றாக உட்காருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு மூன்று பருவங்களின் லோடு எண்களையும், அந்தந்த லோடுகளை உடைத்த வீடுகளின் கூலிக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போகிறேன்.